'பலூன் எச்சம்' வேண்டாம்: களப்படிவத்துக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம். மதுரையின் வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களில் பறவை கணக்கெடுப்பவர்களுக்காகத் தமிழில் களப்படிவம் தயாராகிறது. விழாக்களில் பறக்கவிட்ட கேஸ் பலூன்கள் கரையில் விழுந்து கிடப்பதைக் குறிக்க ஒரு சொல் தேவை. 'பலூன் எச்சம்' சரிவருமா?

> 'பலூன் எச்சம்' சரிவருமா?

ஐயா, பறவைப் படிவத்தில் எச்சம் என்று எழுதினால் பறவை பீச்சியது என்றுதான் படிப்பார்கள். 'கழிவு' சாயப்பட்டறையை நினைவூட்டும். 'பலூன் குப்பை' போதும், எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அதற்குள் மூன்று பிரிவு அவசியம். ஒவ்வொன்றும் கொல்லும் விதம் வேறு.

'ரப்பர் கிழிசல்': உயரே போய் வெடித்த பலூன் நார்நாராகக் கிழிந்து விழும். மெத்தென்ற ரப்பர் பறவையின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு உணவு போகும் வழியை அடைத்துவிடும். 1,733 கடற்பறவைகளின் உடல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வின்படி, கடின பிளாஸ்டிக்கை விழுங்குவதைவிடப் பலூனை விழுங்கினால் சாகும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம். வைகை வெள்ளம் இதைப் பாக் நீரிணை வரை கொண்டுபோகும். அங்கே ஆமைகள் சொறிமீன் என்று நினைத்துத் தின்னும்.

'ஃபாயில் தாள்': அலுமினியம் பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர். மின்கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகும்.

'ரிப்பன்': காலிலும் அலகிலும் சுற்றி இறுக்கும்.

> கடைகளில் 'மக்கும் பலூன்' என்று விற்கிறார்களே, அதையும் பட்டியலில் சேர்க்கலாமா?

கூடாது அம்மா. ரப்பர் பாலில் கந்தகமும் சாயமும் சேர்த்துச் சூடாக்கித்தான் பலூன் செய்கிறார்கள். 2021இல் வெளியான ஆய்வில் நன்னீர், கடல்நீர், தொழில்முறை உரக்குவியல் மூன்றிலும் 16 வாரம் போட்டுவைத்த பலூன்கள் உருக்குலையாமல் இருந்தன. 'ரப்பர் பலூன்' என்றே பதியுங்கள்.

> எண்ணிக்கை எப்படி? ஒரே பலூன் பத்துத் துண்டாகக் கிடக்குமே.

துண்டுகளை எண்ண வேண்டாம். முடிச்சுப் போட்ட வாய் தடித்த வளையமாகக் கிழியாமல் மிஞ்சும். ஒரு வாய், ஒரு பலூன். வாய் கிடைக்காத கிழிசலை 'கிழிசல் மட்டும்' என்று தனியே குறிக்கவும். ஃபாயிலுக்குக் காற்றடைக்கும் வால் பகுதியை எண்ணலாம். ரிப்பனின் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். அது பறவையின் வாய்க்குள் போயிருந்தால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த வரியையும் படிவத்தின் அடியில் அச்சிடுங்கள்.