சணப்பு மடக்கி உழுதால் மக்காச்சோளத்துக்கு யூரியாவே வேண்டாமா?

மேட்டுக்காட்டான்:
நேற்று கொங்குத்தோட்டம் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சணப்பு விதைத்துப் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள், அடுத்து வரும் மக்காச்சோளத்துக்கு ஒரு பிடி யூரியாகூட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். சணப்பு மண்ணுக்கு உரமாக மடக்கி உழுகிற பசுந்தாள் பயிர், அதில் சண்டை இல்லை. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவன் நான். இதை நம்பி யாராவது வளரும் பயிருக்குப் போடும் மேலுரத்தை நிறுத்தினால் கருது எப்படி வரும்? கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டன் பச்சைத்தழை கிடைத்தாலும் அதில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 20 கிலோவை ஒட்டித்தான். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் அதே 20 கிலோதான். பாசனத்தில் வீரிய ஒட்டு ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. ஒரு மூட்டை மிச்சம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். யூரியாவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

கொங்குத்தோட்டம்:
உரக்கடைக்காரர் மாதிரியே கணக்குப் போடுகிறீர்கள் ஐயா. மண்ணை மூட்டையால் அளக்க முடியாது. உடுமலைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் சணப்பு மடக்கித்தான் மக்காச்சோளம் போடுகிறேன். பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. சணப்பைப் பிடுங்கி வேர் முடிச்சைப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றில் இருக்கும் தழைச்சத்தை அங்கேதான் நுண்ணுயிர் பிடித்து வைக்கிறது. மண் பொலபொலப்பாகிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதையெல்லாம் யூரியா தருமா?

மேட்டுக்காட்டான்:
நான் கேட்டது மண் பொலபொலப்பாகுமா என்றா? ஆகும், யார் இல்லை என்றார்கள்? நீங்கள் எழுதிய வரி "ஒரு பிடி யூரியாகூட வேண்டாம்". அதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த 20 கிலோவும் முழுதாக இந்தப் பயிருக்குக் கிடைக்காது. ஒரு பங்கு மட்கி உடனே வரும், மீதி அடுத்தடுத்த போகங்களுக்குத்தான். அதுவும் பூ எடுக்கும் பருவத்திலேயே மடக்கினால். தாமதித்தால் தண்டு நாரோடி, அது மட்குவதற்கே மண்ணில் இருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். முழங்கால் உயரத்தில் மக்காச்சோளம் மஞ்சளாகி நிற்கும். அப்போது என்ன செய்வீர்கள், வேர் முடிச்சைக் காட்டுவீர்களா?

மண்வாசம்:
ஒரு சந்தேகம். நிலத்தை மூடி வைத்து மேலேயே மட்க விடுவதைப் பேசுகிறோமா, மடக்கி உழுவதைப் பேசுகிறோமா, மக்காச்சோளத்துக்கு இடையில் தட்டைப்பயறு போடுவதைப் பேசுகிறோமா? மூன்றுக்கும் பலன் வேறு. முதலில் அதைத் தெளிவாக்கினால் நல்லது.

கரிசல்பூமி:
மேட்டுக்காட்டான் சொல்வது சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். விளாத்திகுளம் பக்கம் நாங்கள் புரட்டாசி மழையை நம்பி விதைக்கிறோம். அதற்கு முன்னால் சணப்பு போட ஈரம் எங்கே? கோடையில் வரும் ஒன்றிரண்டு மழையையும் சணப்பு குடித்துவிட்டால் மக்காச்சோளம் எதில் முளைக்கும்? இங்கெல்லாம் ஆட்டுக்கிடைதான் வழி. ராத்திரி ஆடுகளைக் காட்டிலேயே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகும்.

கொங்குத்தோட்டம்:
கரிசல்பூமி வந்துவிட்டாரா! 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது கடையில் இருந்த மருந்தையெல்லாம் கலந்து அடிக்கச் சொன்னவர்தானே நீங்கள்? இப்போது இயற்கை வழி பேசுகிறீர்கள்.

கரிசல்பூமி:
கலந்து அடிக்கச் சொல்லவே இல்லை. அன்று குருத்துக்குள் புழு தின்றுகொண்டிருந்தது, காடே போயிற்று. உங்கள் வேப்பங்கொட்டைக் கரைசலைக் கேட்டவர்கள் தட்டையை மாட்டுக்குப் போட்டார்கள். பழைய கதையை எடுத்தால் நானும் எடுப்பேன். போன முறை சொட்டுநீர்ப் பேச்சில் என்னைப் படிக்காதவன் என்றீர்கள், மறக்கவில்லை.

மேட்டுக்காட்டான்:
புழுச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றுதான். ஏக்கருக்கு 25 குவிண்டால் எடுத்தால் பயிர் 50 கிலோவுக்கு மேல் தழைச்சத்தை இழுக்கும். சணப்பு தந்தது போக மீதி எங்கிருந்து வந்தது? தொழு உரம் போட்டீர்களா? எத்தனை வண்டி? அதைப் பதிவில் ஏன் எழுதவில்லை?

கொங்குத்தோட்டம்:
மாட்டுச்சாணம் போடாத தோட்டம் உண்டா? அதைத் தனியாக எழுத வேண்டுமா? ஹோண்டுராஸ் நாட்டின் வடகரையில் மக்காச்சோளக் காட்டில் பூனைக்காலி என்ற பயறுவகைக் கொடியைப் படரவிட்டு, வெட்டிச் சாய்த்து, அந்த மூடாக்கிலேயே விதை ஊன்றினார்கள். உரம் இல்லாமலே மகசூல் கூடியது. அவர்களும் பொய்யர்களா?

மேட்டுக்காட்டான்:
அங்கே வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. பூனைக்காலி மாதக்கணக்கில் நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவு நாள் நிலத்தைச் சும்மா விட எங்களால் முடியுமா? அங்கேயே பிற்பாடு பலர் அதைக் கைவிட்டு மேய்ச்சல் நிலமாக்கினார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்போது சாணம் போட்டதாக வேறு சொல்கிறீர்கள். அப்படியென்றால் யூரியா மிச்சமானது சணப்பாலா, சாணத்தாலா? சணப்பு போடாத ஒரு துண்டு நிலத்தைப் பக்கத்தில் விட்டுப் பார்த்தீர்களா?

மண்வாசம்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்பூமி:
தம்பி, இங்கே தலைக்கு மேல் வேலை இருக்கிறது, பாடம் அப்புறம் நடத்தலாம். கொங்குத்தோட்டம், அந்தத் துண்டு நிலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

கொங்குத்தோட்டம்:
என் நிலத்தில் எதை எங்கே விடுவது என்று உங்கள் இருவரிடமும் கேட்க வேண்டியதில்லை. விளைச்சல் வந்தது, விற்றேன். பசுந்தாள் விதைக்கு அரசே மானியம் தருகிறது, அதை விதைக்காமல் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டி மண்ணைக் கெடுப்பவர்களிடம் நான் பாடம் கேட்க மாட்டேன்.

மேட்டுக்காட்டான்:
நானும் சணப்பு விதைக்கிறவன்தான், தக்கைப்பூண்டு என்ற இன்னொரு பசுந்தாள் பயிரும் விதைத்திருக்கிறேன். கோடை மழை கைகொடுத்த வருடமெல்லாம் மடக்கி உழுதிருக்கிறேன், மேலுரத்தில் ஒரு மூட்டை குறைத்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன். "ஒரு பிடி யூரியாகூட வேண்டாம்" என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?

கொங்குத்தோட்டம்:
திருத்த மாட்டேன்.

மேட்டுக்காட்டான்:
அப்படியென்றால் அந்த வரிக்குக் கீழே என் கணக்கை ஒவ்வொரு முறையும் போடுவேன். 5 டன் தழை, 20 கிலோ தழைச்சத்து, ஒரு மூட்டை.