கரும்பொருள் என்பது ஆதிக் கருந்துளைகள்தானா?

கரூ_இரவு:
சவுத் டகோட்டாவில் பூமிக்கடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் 7 டன் திரவ செனானை வைத்து, ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளுக்காகக் காத்திருக்கிறார்கள். கரும்பொருளாக இருக்கலாம் என்று நினைக்கும் விம்ப் என்ற கனமான துகள் மோதிய அடையாளம் இதுவரை இல்லை. இன்னும் எத்தனை காலம் புதுத் துகளையே தேடுவது? பெருவெடிப்பின் முதல் விநாடிக்குள்ளேயே பிறந்த ஆதிக் கருந்துளைகளே கரும்பொருளாக இருக்கலாம் என்பது என் வாதம். 10¹⁴ கிலோவுக்கும் 10¹⁹ கிலோவுக்கும் நடுவே, அதாவது ஒரு சிறுகோளின் எடையில், அவற்றை இன்றுவரை யாரும் மறுத்துக் காட்டவில்லை.

டொங்காட்_தம்பி:
கரூ அண்ணா, தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி படமெடுத்த நம் பால்வழி மையத்திலேயே பெரிய கருந்துளை இருக்கிறதே. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதா?

சட்ஸ்வர்த்_அக்கா:
தம்பி, அதன் எடை சுமார் 43 லட்சம் சூரியன். பால்வழியின் மொத்த எடையோ லட்சம் கோடிச் சூரியனை ஒட்டி வரும். அதற்கு இது எந்த மூலைக்கு?

அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. விண்மீன் செத்துப் பிறந்த கருந்துளை எதுவும் கரும்பொருள் ஆக முடியாது. பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் எவ்வளவு டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உருவானது என்பது அப்போதிருந்த சாதாரணப் பொருளின் அளவைப் பொறுத்தது. இன்று அளந்தால் சாதாரணப் பொருள் பிரபஞ்சத்தில் சுமார் 5%, கரும்பொருள் சுமார் 27%. அந்த 5%-இலிருந்து வந்த கருந்துளைகளை 27%-இன் கணக்கில் எழுத முடியாது. கரூ சொல்வது அதற்கும் முன்னால் பிறந்தவற்றை. அங்கேயும் எனக்குச் சம்மதமில்லை. பெரிய எடைகளை ஓகிள் என்ற வானியல் குழு 2024இல் கழித்துவிட்டது: பால்வழிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தின் சுமார் 8 கோடி விண்மீன்களை 20 ஆண்டு பார்த்த பிறகு, 0.00018 முதல் 6.3 சூரிய எடை வரையிலான துளைகள் கரும்பொருளில் 1%-க்கு மேல் இல்லை என்றது.

கரூ_இரவு:
அந்த எடைகளில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது அதற்கு வெகு கீழே. அங்கே ஏன் அகப்படவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. நடுவே வரும் துளை தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்துக் குவிப்பதுதான் ஈர்ப்பு வில்லை. அதனால் ஒரு விண்மீன் பிரகாசமாகத் தெரியும் நேரம், துளையின் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சூரிய எடை என்றால் இரண்டு மூன்று மாதம், பூமி எடை என்றால் சில மணி நேரம், சந்திர எடை என்றால் அரை மணிக்கும் குறைவு. தென்னாப்பிரிக்காவின் சதர்லாண்டில் இருக்கும் 1.6 மீட்டர் கொரியத் தொலைநோக்கியை வைத்துக் கால் மணிக்கு ஒரு படம் எடுத்தாலும் இது நழுவிவிடும்.

சட்ஸ்வர்த்_அக்கா:
ஹவாயில் இருக்கும் சுபாரு தொலைநோக்கி அதையும் செய்ததே! ஒரே இரவில் 7 மணி நேரம், 90 விநாடிப் படங்களாக, பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரொமீடா முழுவதையும் எடுத்தார்கள். துளையாக இருக்கலாமோ என்று சந்தேகிக்கத் தக்கது ஒன்றுதான் கிடைத்தது.

கரூ_இரவு:
அந்த முடிவைப் பின்னால் அவர்களே தளர்த்த வேண்டி வந்தது. 10²⁰ கிலோ துளையை எடுங்கள். ஆண்ட்ரொமீடாவில் விண்மீனுக்கு 10 கிலோபார்செக் (சுமார் 33,000 ஒளியாண்டு) முன்னால் அது இருந்தால், வில்லை வளையத்தின் ஆரம் சுமார் 10,000 கிலோமீட்டர். சூரியனின் ஆரமே 7 லட்சம் கிலோமீட்டர். வட்டின் ஒரு புள்ளி மட்டும் பெரிதானால் மொத்த ஒளியில் ஏற்றம் தெரியாது. இன்னொன்று, அந்தத் துளையின் ஆரம் 150 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700. தன்னைவிடச் சின்ன வில்லையில் அலை விலகிப் பரவிவிடும், குவியாது.

சட்ஸ்வர்த்_அக்கா:
சரி, இது நியாயமான பதில். ஆனால் "மறுக்கப்படவில்லை" என்பது "இருக்கிறது" என்று ஆகாது. பிறப்புக்கு வருவோம். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பின்னணிக் கதிரில் தெரியும் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு. பொருள் சரிந்து துளையாக வேண்டுமானால் அந்த இடத்தில் அடர்த்தி சராசரியைவிடப் பாதியளவு கூடியிருக்க வேண்டும். அதற்குச் சின்ன அளவுகளில் மட்டும் ஏற்ற இறக்கத்தின் திறன் ஒரு கோடி மடங்கு பெருக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் துளையே பிறக்காது, கொஞ்சம் கூடினால் தேவைக்கு மேல் குவிந்துவிடும். இவ்வளவு கச்சிதமாக யார் திருகி வைத்தது? கரும்பொருளாகச் சொல்லப்படும் இன்னொரு துகளான ஆக்சியானுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

அப்படியே பெருகியிருந்தாலும் அது ஈர்ப்பலைகளை எழுப்பியிருக்கும். சிறுகோள் எடைக்கு அவை மில்லிஹெர்ட்ஸில் வரும். அதைக் கேட்கத்தான் 2035 வாக்கில் லிசா என்ற ஈர்ப்பலை ஆய்வகம் விண்வெளிக்குப் போகிறது. கேட்கவில்லையென்றால் வாதத்தை விட்டுவிடுவீர்களா?

கரூ_இரவு:
அடர்த்தி ஏற்ற இறக்கத்தால் பிறந்தவை என்ற வகையை விட்டுவிடுவேன். ஆதிப் பிரபஞ்சம் நிலை மாறியபோது எழுந்த குமிழிகள் மோதியோ, அண்ட இழைகள் எனப்படும் மெல்லிய ஆற்றல் இழைகள் சுருங்கியோ பிறந்தவை அந்தச் சோதனையில் அடங்காது.

டொங்காட்_தம்பி:
பிறப்பைப் பற்றிய சண்டை இல்லாமல், துளையையே நேராக எடை போட வழி இல்லையா?

கரூ_இரவு:
இருக்கிறது தம்பி. நம் பக்கத்தில் கரும்பொருளின் அடர்த்தி மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் எடை. நெப்டியூன் சுற்றுப்பாதைக்குள் கூட்டினால் 2×10¹⁷ கிலோ வரும். ஒவ்வொன்றும் 10¹⁷ கிலோ என்றால், இந்த நேரத்தில் இரண்டு துளைகள், அணு அளவில், விநாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். செவ்வாயின் தூரம் 10 சென்டிமீட்டர் துல்லியத்துக்குத் தெரியும். அருகே ஒன்று போனால் செவ்வாயின் பாதை ஒரு மீட்டர் அளவுக்கு அசையும் என்று 2024இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சட்ஸ்வர்த்_அக்கா:
இந்தச் சோதனைக்கு நானும் தயார். சிறுகோள் ஏதாவது இழுத்தது என்று குழம்பவும் வேண்டாம். சூரியனோடு கட்டுண்ட கல் செவ்வாய் அருகே விநாடிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டாது. அசைவு எவ்வளவு சீக்கிரம் வந்து போனது என்பதிலிருந்தே வேகத்தைப் பிரித்துவிடலாம்.