புதுப்பிப்பு: ஹேண்ட்போன் சம்மன் வழக்கு முடிந்தது

செம்பனை ஆலை முச்சந்தியில், கார் ஓட்டும்போது ஹேண்ட்போன் பிடித்திருந்தேன் என்று சம்மன் கிடைத்ததை முன்பு எழுதியிருந்தேன். கையில் இருந்தது அம்மாவின் கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூடு. 300 வெள்ளி அபராதத்தைக் கட்டிவிடு என்றார்கள் பலர். செய்யாத தப்புக்கு ஏன் கட்ட வேண்டும்?

முதல் நீதிமன்றத் தேதியில் மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை மறுத்தேன். விசாரணைக்கு வேறு தேதி கொடுத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், நல்ல மனுஷர், அவரால்தான் பதற்றம் குறைந்தது. அப்புறம் காரின் உட்புற கேமராப் பதிவைக் கொடுத்தேன். போன் ஸ்டாண்டில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொண்டது.

இரண்டு நாள் சம்பளம் போனது. பரவாயில்லை, அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

யோசனை கேட்டவர்களுக்கு: சம்மன் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், நீதிமன்றத் தேதி அதில்தான் இருந்தது.