கரண்ட் மந்திரவாதிக்கு 15 ஃப்ரீபீ பாயின்ட்: எதுல போடலாம்?

கடைசிப்பெட்டி:
மேஜ்: தி அசென்ஷன், 20ஆம் ஆண்டுப் பதிப்பு (மந்திரவாதிகளா நடிச்சு, டைஸ் உருட்டி ஆடுற கதை ஆட்டம்). கதை நடக்குற ஊர் சிகாகோ, இந்தக் காலம், ஜனவரிக் குளிர். இதுவரைக்கும் இதே வரிசையில வர்ற வேம்பயர் ஆட்டம் மட்டும்தான் ஆடியிருக்கேன். மேஜ் இதான் முதல் தடவை, சனிக்கிழமை ஆட்டம்.

என் ஆள் டோலோரஸ், 34 வயசு. சிகாகோவோட 'எல்' நகர ரயில்ல சிக்னல் ரிப்பேர் பாக்குறவ. எந்த ட்ரெடிஷன்லயும் (மந்திரவாதிக் குழுவுலயும்) சேராத ஆர்ஃபன். ஸ்ஃபியர் (மாயத்தோட துறைகள்) 6 புள்ளி: ஃபோர்ஸஸ் (மின்சாரம் மாதிரி சக்திகள்) 3, ப்ரைம் (மூல ஆற்றல்) 2, கரஸ்பாண்டன்ஸ் (இடம், தூரம்) 1. ஃப்ரீபீ (ஆளை உருவாக்கும்போது இஷ்டப்படி செலவழிக்கிற பாயின்ட்) 15-ல 8 கொடுத்து அரெட்டேயை (மாய வல்லமையை) 3 ஆக்கிட்டேன். மிச்சம் 7-க்கு கரஸ்பாண்டன்ஸ்ல இன்னொரு புள்ளி. சரியா வருமா?

பகடை10:
சரி. அப்படியே ஆடு தம்பி, இதுக்கு மேல யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காத.

காரணம் சொல்றேன். எந்த ஸ்ஃபியரும் அரெட்டேயைத் தாண்டாது. மாயம் பண்ண உருட்டுற டைஸும் அரெட்டே எண்ணிக்கைதான். இப்ப 8 பாயின்ட்ல 3 ஆயிடும். அதையே ஆட்டத்துல அனுபவப் புள்ளி சேர்த்து வாங்கினா 1-லேருந்து 2-க்கு 8, 2-லேருந்து 3-க்கு 16, மொத்தம் 24. 8 எங்க, 24 எங்க. மிச்சம் 7-ம் ஒரு ஸ்ஃபியர் புள்ளியோட விலை, சில்லறை பாக்கி இல்லாம முடியுது. 15-ஐ இதுக்குன்னே வெச்சாங்களோன்னு தோணும்.

கரிச்சான்:
அரெட்டே 3 எனக்கும் ஓகே. மீதி ஷீட்டைப் பாருங்க. பேரை மறைச்சுட்டா இது ரயில்வேக்காரியா, வக்கீலா, சமையல்காரரான்னு யாராவது சொல்ல முடியுமா? ஃபோர்ஸஸ் 3 ப்ரைம் 2, இதோட எத்தனை பேர் வந்துட்டாங்க! கடைசிப்பெட்டி, ப்ரைம் 2 எதுக்கு வெச்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க.

கடைசிப்பெட்டி:
வெறும் கையில மின்னலை வரவழைக்கத்தான். இல்லாத ஆற்றலை உண்டாக்கணும்னா ப்ரைம் 2 வேணும்னு புத்தகத்துல இருக்கே.

கரிச்சான்:
இல்லாத ஆற்றலுக்குத்தான் அது. உங்க ஆள் நின்னு வேலை பாக்குற இடம் என்ன? 'எல்' ரயிலுக்கு மின்சாரம் வர்றது மூணாவது தண்டவாளத்துல, 600 வோல்ட். காலடியில அது ஓடிட்டிருக்கும்போது காத்துலேருந்து எதுக்குப் புடுங்கணும்?

அந்த ஊர்ல பனி உறைஞ்சா மூணாவது தண்டவாளத்துல ஐஸ் படியும். அது மேல ரயிலோட ஷூ உரசிப் போகும்போது பளீர்னு நீல வெளிச்சம் தெறிக்கும். பிளாட்ஃபார்ம்ல காபியோட நிக்கிறவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான், வருஷா வருஷம் பாக்குறதுதானே. இப்ப அந்தப் பொறி கொஞ்சம் நீளமா வந்து துரத்திட்டு வர்றவன் மேல பாய்ஞ்சா? அது விபத்து. அதாவது கோஇன்சிடென்டல். கையிலேருந்து மின்னல் போனா அதே ஆள் போனை எடுத்து வீடியோ புடிப்பான். அது வல்கர், அப்பட்டமான மாயம், அதுவும் சாட்சியோட.

கணக்குதான வேணும்? ஃபோர்ஸஸ் 3, கோஇன்சிடென்டல்னா டிஃபிகல்டி (பத்து முக டைஸ் ஒவ்வொண்ணுலயும் வர வேண்டிய குறைஞ்ச எண்) 3+3=6. சாட்சி இருக்குற வல்கர்னா 3+5=8. மூணு டைஸ் உருட்டினா ஒண்ணாவது தேற வாய்ப்பு முதல்ல 87.5%, ரெண்டாவதுல 65.7%. 1 விழுந்தா ஒரு வெற்றி கழியறதைச் சேர்க்காமலே இவ்வளவு வித்தியாசம். வல்கர்ல ஜெயிச்சாலும் பாரடாக்ஸ் (நிஜ உலகம் திருப்பி அடிக்கிற அடி) வேற ஏறும்.

பகடை10:
கதை நல்லா இருக்கு. அடுத்த வாரம் ஆட்டத்தை நடத்துற ஸ்டோரிடெல்லர் சண்டையை ஏரிக்கரையில வெச்சார்னா? தண்டவாளத்தைச் சுருட்டித் தோள்ல போட்டுட்டுப் போவாளா? எங்க போனாலும் வேலை செய்யணும், அதான் பவர். நீ சொல்ற ஆளுக்கு மேஜ்னு பேர் வேணாம், எலக்ட்ரீசியன்னே போடு.

கரிச்சான்:
எலக்ட்ரீசியன்தான்! அதான் அவளோட பாரடைம். உலகமே ஒரு சர்க்யூட், எங்கயோ ஒரு வயர் கழண்டு கிடக்குதுன்னு நம்புறவ. மல்டிமீட்டர், ரப்பர் கையுறை, ஒரு பழைய ஸ்பேனர். மாயம் பண்றதுக்கு முன்னாடி ஸ்பேனரால தண்டவாளத்தை மூணு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேப்பா. ஏரிக்கரையில தெருவிளக்குக் கம்பம் இருக்குல்ல, அதைத் தட்டுவா. ஒண்ணுமே இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா பயப்படுவா. அந்தப் பயம் இல்லாத கேரக்டரை வெச்சு நாலு ஆட்டத்துக்கு மேல ஓட்ட முடியாது.

நிழல்வாரி:
நான் ஆடுறதை விட நடத்துறதுதான் கூட. கரிச்சான் சொல்ற நீலப் பொறி என்ர மேசையில கோஇன்சிடென்டல்தான், ஆனா ஒரு ஆட்டத்துக்கு ஒரு தரம். அதே பிளாட்ஃபாரத்தில மூன்றாவது ஆளும் 'விபத்தில' செத்தால் வல்கர் எண்டு சொல்லிப்போடுவன். இதை உங்கட ஸ்டோரிடெல்லரிட்ட முதலே கேட்டு வையுங்கோ, நடுச்சண்டையில கேட்டால் மேசையே ரெண்டாகும்.

அந்த மிச்ச 7 பாயின்ட் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. பகடை அண்ணை, உங்கட கணக்கையே நானும் போட்டுப் பாக்கிறன். வில்பவர் (மனவுறுதி) 5-ல தொடங்கும், ஃப்ரீபீயில ஒரு புள்ளி ஒரு பாயின்ட். பிறகு அனுபவப் புள்ளியில வாங்கினால் இப்ப இருக்கிற அளவுதான் விலை: 5, 6, 7, 8, 9. மொத்தம் 35. அஞ்சு பாயின்ட் குடுத்தால் 30 மிச்சம். கரஸ்பாண்டன்ஸ் 1-ஐ 2 ஆக்க 7 குடுக்கிறீங்கள், அதைப் பிறகு வாங்கினால் 8. ஒண்டே ஒண்டுதான் மிச்சம்.

பகடை10:
இந்தக் கணக்கு தெரியும். ஆட்டத்துல யாராவது 35 புள்ளியை வில்பவர்ல கொட்டுவாங்களா? எப்பவுமே வாங்காத சாமானை 'தள்ளுபடியில 30 மிச்சம்'னு சொல்றது ஆடிக் கழிவு வியாபாரம்.

ஆனா கரஸ்பாண்டன்ஸ் 2-க்கு 7 வேஸ்ட்தான், ஒத்துக்குறேன். அந்த 7-ஐப் போட்டா 2-லேருந்து 3 ஆகுற ஸ்ஃபியர்ல போடணும், அப்புறம் வாங்கினா 16, அங்க 9 மிச்சம்.

நிழல்வாரி:
ஓம், ஆடி விற்பனைதான். ஆனா ஒரு வில்பவர் குடுத்தால் ஒரு சக்ஸஸ் உருட்டாமலே வருது. மூண்டு டைஸோட நிக்கிற புது ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

அவதார் (ஆளுக்குள்ள இருக்கிற மாய ஆன்மா) எண்ட கட்டத்திலயும் ரெண்டு போடுங்கோ. தொடக்கக் குவின்டெசன்ஸும் (மாயத்துக்கான எரிபொருள்) அதுதான், ஒரு டர்னுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் எண்டதும் அதுதான். ஒவ்வொண்டும் டிஃபிகல்டியை ஒண்டால குறைக்கும். உங்கட 6, 4-க்கு வந்திடும். எங்கட சொல்லை எடுத்து இங்கிலீஷில போட்டிருக்கிறாங்கள், நாங்களே அந்தக் கட்டத்தைக் காலியா விடலாமோ?

கடைசிப்பெட்டி:
சரி, மாத்திட்டேன். ஃபோர்ஸஸ் 3, கரஸ்பாண்டன்ஸ் 2, என்ட்ரோபி 1. ப்ரைம் போச்சு. என்ட்ரோபி எதுக்குன்னா, ஒரு பொருள்ல பலவீனம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க. ரிப்பேர்காரிக்கு அது இல்லாம எப்படி? ஃப்ரீபீ: அரெட்டேக்கு 8, வில்பவருக்கு 5, அவதாருக்கு 2. ஸ்டோரிடெல்லருக்கும் மெசேஜ் போட்டேன். 'பொறி ஓகே, ஆனா கேமரா இல்லாத பிளாட்ஃபார்மா பாத்து நில்லு'ன்னு பதில் வந்துச்சு.

கரிச்சான்:
கேமராவும் கரண்ட்லதான் ஓடுது 🙂

பகடை10:
வில்பவர் 10 வெச்ச ரயில்வேக்காரியா! ஆடிட்டு வா. ஞாயித்துக்கிழமை இங்க வந்து எத்தனை 1 விழுந்துச்சுன்னு மறைக்காமச் சொல்லணும்.