புதுப்பிப்பு: அம்மாவுடன் சிங்கப்பூர் போய் வந்தாச்சு

அம்மாவின் பாஸ்போர்ட்டில் 5 மாதம்தான் மிச்சம், இலங்கையருக்கு சிங்கப்பூர் விசா தேவையில்லைதானே, அப்படியே போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போக முடியாது என்றவர்கள் சொன்னதே சரி. விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். வவுனியா போய்ப் புதிது எடுத்தோம்.

அப்புறம், சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய வருகை அட்டை (SG Arrival Card). இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள்தான் இணையத்தில் நிரப்பலாம். எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே முடிக்கும் என் பழக்கம் இங்கே செல்லவில்லை. அது இலவசம். ஏதோ ஒரு தளம் காசு கேட்க, நானும் கார்ட் இலக்கம் போடப் போனேன். நல்லகாலம், தம்பி பார்த்துவிட்டான். சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் தளத்திலேயே நிரப்புங்கள்.

திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்க விமான நிலையம். திரும்பி வரும் டிக்கெட்டை அங்கேயே கேட்டார்கள். அக்கா வீட்டு முகவரியைத் துண்டில் எழுதி, கேட்காமலே எல்லோரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார் அம்மா.

எத்தனை நாள் தங்கலாம் என்பது முத்திரையாக இல்லாமல் மின்னஞ்சலில் வந்தது. புதுப் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் முத்திரை இல்லையே என்று அம்மாவுக்கு இன்னும் மனக்குறை.