ஃப்ளோரன்ஸ்ல அம்மாவுக்கு சைவ சாப்பாடு எங்க கிடைக்கும்?

மக்களே ஒரு உதவி. அடுத்த மாசம் அம்மாவோட இத்தாலில இருக்குற ஃப்ளோரன்ஸ்ல 3 நாள் இருக்கப்போறோம், அவங்க சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. போன தடவை நான் தனியா போனப்ப சான் லொரென்சோ பக்கம் 1874ல திறந்த மெர்காத்தோ சென்த்ராலே மார்க்கெட்ல ரிபொல்லீத்தாங்கிற சூப் சாப்பிட்டேன், பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கீரை எல்லாம் குழைய வெந்து கெட்டியா, மேல பச்சை ஆலிவ் எண்ணெய் ஊத்தி, அப்படி ஒரு ருசி. அம்மாவுக்கு அதை வாங்கித் தரணும்னு ரொம்ப ஆசை, ஆனா சில இடத்துல பன்றிக்கறி சேர்ப்பாங்களாம். ஃப்ரெஷ் பாஸ்தான்னா பெரும்பாலும் முட்டை, பார்மிசான் சீஸ்லயும் பாலைத் திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல எடுக்குற ரென்னட் இருக்கு. கேட்டா பொறுமையா பதில் சொல்ற சின்னக் கடை சாந்தோ ஸ்பிரித்தோ பக்கம் தெரிஞ்சா சொல்லுங்க, அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது.