தரைவீட்டில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து தங்க அனுமதி வேண்டுமா? (சிறப்புத் தேவை, வயது வந்தோர்)

கெம்பாங்கான்காரி எழுதியது:

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 27 வயது, ஆட்டிசம். 18 வயதில் சிறப்புக் கல்விப் பள்ளி முடிந்தது, இப்போது பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்குப் போய் வருகிறான். நான் அறுபதைத் தாண்டிவிட்டேன். எனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அதை விடுங்கள்.

பள்ளிக் காலத்திலிருந்து பழகும் ஐந்து குடும்பங்கள் நாங்கள். எங்களில் ஒரு குடும்பத்துக்குத் தாத்தா விட்டுப்போன தரைவீடு, அதாவது பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு ஒன்று காலியாக இருக்கிறது. இரண்டு மாடி, கீழேயே ஓர் அறையும் குளியலறையும் உண்டு. ஐந்து பையன்களும் அங்கே தங்குவது, இரண்டு பராமரிப்பாளர்கள் உடனிருப்பது, செலவைப் பிரித்துக்கொள்வது, இதுதான் யோசனை. தனியார் இல்லங்கள் சொல்லும் மாதக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இப்போது ஒருவர் சொல்கிறார், பெருந்திட்டத்தில் (எந்த நிலம் எதற்கு என்று அரசாங்கம் வகுத்த வரைபடம்) அது குடியிருப்பு வட்டாரம், அங்கே இப்படி நடத்த முடியாது என்று. இன்னொருவர், பிள்ளைகள் ஒரு வீட்டில் இருப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்கிறார். ஓர் அமைப்பில் விசாரித்தால் முதலில் இடம் பாருங்கள் என்கிறார்கள். இடத்துக்காக அலைந்தால் முதலில் அமைப்பைப் பிடியுங்கள் என்கிறார்கள். பையன்கள் வார இறுதியில் எங்களிடம் வரும்போது காலியாகும் அறைகளை மற்றக் குடும்பங்களுக்கு ஓரிரு நாள் கொடுத்தால் கொஞ்சம் பணமும் வரும் என்று ஓர் எண்ணம். எங்கே தொடங்குவது?

ஈசூன்வாசி:

அக்கா, புக்கிட் பாத்தோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய சமூகப் பராமரிப்பு வீடுகளைப் பார்த்தீர்களா? பராமரிப்புச் சேவையோடு சேர்த்தே கிடைக்கிறது.

செங்கல்சுண்ணாம்பு:

தம்பி, அது 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 2021 பிப்ரவரி பிடிஓவில், அதாவது வீவகவின் புது வீட்டு விற்பனையில், முதல்முறை வந்தது. 27 வயதுப் பையனுக்கு அந்தக் கதவு திறக்காது. எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

அக்கா, நான் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் வரைபட வேலை செய்கிறேன். பயன்பாட்டு மாற்ற விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். நான் எழுதுவது அதிகாரபூர்வப் பதில் இல்லை, ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

வட்டாரத்தை நீங்களே பார்க்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் (யூஆர்ஏ) ஸ்பேஸ் இணைய வரைபடத்தில் முகவரியைப் போட்டால் காட்டிவிடும். முதியோர் இல்லம், உடற்குறையுள்ளோர் இல்லம் போன்றவற்றுக்கு வழக்கமான இடம் ‘குடிமை, சமூக நிறுவனங்கள்’ என்ற வட்டாரம். ‘குடியிருப்பும் நிறுவனமும்’ சேர்ந்த கலப்பு வட்டாரமும் ஒன்று உண்டு. உங்கள் வரிசை வீடு வெறும் ‘குடியிருப்பு’ என்றுதான் வரும், பெரும்பாலான தரைவீட்டுப் பேட்டைகள் அப்படித்தான்.

ஆனால் ஐந்து பேர் ஒரு வீட்டில் வாழ்வதை வட்டாரத்தின் பெயர் தடுக்காது. அந்த வீட்டில் நடப்பது குடியிருப்பா, சேவையா என்பதுதான் கேள்வி. வாடகை ஒப்பந்தத்தோடு சில பேர் சேர்ந்து குடியிருந்து, அவரவர் குடும்பம் அவரவர் பிள்ளையின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டால், அது வீடு. ஒருவர் நிர்வாகியாக உட்கார்ந்து, ஆள் சேர்த்து, மாதக் கட்டணம் வாங்கி, வேலையாட்களை வைத்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டினால் அது இல்லம். அப்போது திட்டமிடல் சட்டப்படி பயன்பாட்டு மாற்றம், அனுமதி வேண்டும். அதோடு நிற்காது. தகுதிபெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைபடம் கொடுக்க வேண்டும், குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதிகள், கட்டட ஆணையத்தின் தடையற்ற அணுகல் விதிகள் எல்லாம் வரும். பழைய வரிசை வீட்டின் குறுகிய மாடிப்படியை வைத்துக்கொண்டு அதையெல்லாம் நிறைவேற்றுவதற்குள் தாத்தா விட்டுப்போன வீட்டை விற்றுவிடலாம் என்று தோன்றும்.

அப்புறம் எண்ணிக்கை. உறவினர் அல்லாதவர்கள் ஒரு வீட்டில் 6 பேர் வரை தங்கலாம். 2017 மே மாதத்தில் எட்டிலிருந்து ஆறாகக் குறைத்தார்கள். 2024 ஜனவரி 22 முதல் பெரிய வீடுகளுக்கு மட்டும் தற்காலிகமாக மறுபடி எட்டு. தனியார் வீடு என்றால் குறைந்தது 90 சதுர மீட்டர் இருக்க வேண்டும், ஏழு எட்டுப் பேருக்கு விடுவதற்கு முன் உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஐந்து பிள்ளைகளோடு உடன் தங்கும் இரண்டு பேரையும் சேர்த்து எண்ணுங்கள், ஏழு வருகிறது. தற்காலிகச் சலுகையை நம்பி நிரந்தர ஏற்பாடு செய்யாதீர்கள் என்பேன்.

வார இறுதி யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. நல்ல காரியத்துக்குத்தானே என்று யாரும் விட மாட்டார்கள். திட்டமிடல் சட்டத்தில் அபராதம் 2 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை போகும்.

கெம்பாங்கான்காரி:

நன்றி தம்பி. வார இறுதி போயிற்று. மற்றதைச் சொல்கிறேன். நிர்வாகி என்று யாரும் இல்லை, வீட்டுக்கார அம்மாவுக்கு வாடகை மட்டும் போகும். சமையல், பராமரிப்புச் செலவு ஒரு பொதுக் கணக்கில். பராமரிப்பாளர் இருவரில் ஒருவர் எங்கள் வீட்டுப் பணிப்பெண், என் மகனோடு ஆறு வருடமாக இருக்கிறாள். அவளையே அங்கே அனுப்பி ஐவரையும் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தோம்.

ஜூரோங் மாமி:

அம்மா அதைச் செய்யாதீர்கள்! பணிப்பெண் வேலை அனுமதியில் உள்ள முதலாளிக்கு, பதிவான முகவரியில்தான் வேலை செய்ய வேண்டும். உங்கள் மகன் அங்கே குடிபோனால் அவனுக்காக அந்த முகவரியைக் காட்ட முடியுமா என்று மனிதவள அமைச்சிடம் கேட்டுப் பாருங்கள், அது ஒரு விஷயம். மற்ற நான்கு பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சொல்வது வேறு விஷயம், அது சட்டவிரோதப் பணியமர்த்தல். செலவை ஐந்தாகப் பிரிப்பது உங்களுக்கு நியாயமாகத் தெரியும், அமைச்சுக்கு அப்படித் தெரியாது. பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வையை 60 வெள்ளி என்ற சலுகை விகிதத்தில் நீங்கள் கட்டுவதும் உங்கள் மகன் பெயரைச் சொல்லித்தான் என்பதை மறக்க வேண்டாம்.

உள்ளூர்ப் பராமரிப்பாளரை வேலைக்கு வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. சம்பளம் கூடும், தெரியும்.

ரெட்ஹில்காரன்:

எல்லாம் சரி, ஆனால் சும்மா குடியேறிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

தெம்பனிஸ் அப்பா:

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும் தம்பி. என் மகளும் சத்தமாகப் பாடுவாள், இரவு இரண்டு மணிக்கும் பாடுவாள். 2008ல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதிக்கு எதிராகக் குடியிருப்பாளர்கள் மனுப் போட்டதும், 2012ல் உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 83ல் முதியோர் பராமரிப்பு நிலையத்துக்கும் பீஷான் ஸ்திரீட் 13ல் தாதிமை இல்லத்துக்கும் எதிர்ப்பு வந்ததும் நினைவிருக்கிறதா? அவையெல்லாம் அரசாங்கமே முன்னின்று செய்தவை. உங்கள் வீட்டில் அனுமதிக் கடிதம் இல்லை என்றால் முதல் புகாரிலேயே பிள்ளைகள் பெட்டியோடு திரும்ப வேண்டும். பழகிய படுக்கையை மாற்றினாலே என் மகள் ஒரு வாரம் தூங்க மாட்டாள். அதனால் என் கணக்கில் ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்பது மிக விலை கூடிய வழி.

கெம்பாங்கான் அம்மா, குடியேறும் முன்பே இரு பக்கத்து வீட்டுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

இன்னொன்று, ஐவரும் ஒரே மாதிரியா? இரவில் வலிப்பு வரும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு போதாது. அவர்களுக்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாகச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் உடற்குறையுள்ளோர் இல்லத்துக்கு மனுச் செய்யலாம், வருமானத்தைப் பார்த்து மானியம் உண்டு. கொஞ்சம் உதவியோடு தாமே பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு விடுதிகள் இருக்கின்றன, எனேபல்டு லிவிங் என்ற சோதனைத் திட்டமும் வந்திருக்கிறது. இடம் உடனே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் பெயர் இருக்கட்டும்.

செங்கல்சுண்ணாம்பு:

அப்பா சொன்னதோடு வீட்டுச் செலவையும் பாருங்கள். உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 12 முதல் 36 விழுக்காடு வரை, ஆண்டு மதிப்பின் (ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை மதிப்பு) மேல். வாடகையில் அது கட்டாயம் வந்து உட்காரும். ‘கட்டுப்படியாகும்’ என்று நீங்கள் போட்ட கணக்கில் அது இருக்கிறதா?

நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு எழுதும்போது ‘இல்லம் தொடங்கலாமா’ என்று கேட்காதீர்கள், அதற்கான பதில் உங்களுக்குத் தெரிந்ததே. எத்தனை பேர், யார் யாருக்கு உறவு, உடன் தங்குபவர் யார், யார் சம்பளம் கொடுக்கிறார், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் என்ன, பெயர்ப்பலகை உண்டா, பகலில் வெளியாட்கள் பயிற்சிக்கு வருவார்களா, இதையெல்லாம் உள்ளபடி எழுதி, குடியிருப்புப் பயன்பாட்டுக்குள் அடங்குமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் வந்த ‘பரவாயில்லை’ புகார் வரும் நாளில் உதவாது.

ஒருநாள் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டால் பதிவுபெற்ற சமூக சேவை அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, ஏற்கெனவே நிறுவன வட்டாரத்தில் உள்ள இடத்தைத் தேடுங்கள். நில ஆணையம் வாடகைக்கு விடும் பழைய அரசாங்கக் கட்டடங்கள் எஸ்பிஐஓ இணையத்தளத்தில் வரும். தரைவீட்டை இல்லமாக மாற்றப் போராடுவதைவிட அது சுலபம் என்பது என் எண்ணம்.

கெம்பாங்கான்காரி:

எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். ஐந்து குடும்பமும் உட்கார்ந்து பேசினோம், ஒரு சண்டையும் நடந்தது. ஐவரில் ஒரு பையனுக்கு இரவில் தாதி தேவைப்படும் நிலை. அவன் பெற்றோரே எஸ்ஜி எனேபலில் மனுக் கொடுத்துவிட்டார்கள். மீதி நான்கு பிள்ளைகள், இரண்டு உள்ளூர்ப் பராமரிப்பாளர்கள், மொத்தம் ஆறு. எட்டுப் பேர் சலுகை போனாலும் நிற்கும். ஆணையத்துக்கு எழுதிவிட்டோம், தம்பி சொன்ன எல்லா விவரத்தோடும். பதில் வரும்வரை யாரும் குடிபோகவில்லை. வலது பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் மகனுக்குக் குவே லாப்பிஸ் கொடுத்தார், இடது பக்கம் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும். வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது? மகனுக்குப் புரியாது.

தெம்பனிஸ் அப்பா:

21 வயதுக்கு மேல் பெற்றோர் என்ற உரிமையில் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது அம்மா. மனநல ஆற்றல் சட்டப்படி நீதிமன்றம் உங்களைப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும், உங்களுக்குப் பின் வர ஒருவரையும் சேர்த்தே கேளுங்கள். அது முடியும்வரை உங்கள் பெயரிலேயே வீட்டை எடுத்து, மகனைக் குடியிருப்பவராகக் காட்ட முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பொதுக் கணக்கில் பெரிய தொகை சேர விடாதீர்கள். அவனுக்கென்று வைக்கும் பணத்துக்குச் சிறப்புத் தேவை அறக்கட்டளை நிறுவனம் இருக்கிறது, 5,000 வெள்ளியில் தொடங்கலாம், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு கட்டணத்தில் பெரும்பகுதியை ஏற்கிறது. ரொக்கம் மட்டும்தான் எடுப்பார்கள், வீட்டை எழுதி வைக்க முடியாது. மத்திய சேம நிதிப் (மசேநி) பணத்துக்கு அவர்கள் வழியாகவே தனிச் சேமிப்புத் திட்டம் உண்டு, உங்களுக்குப் பின் மாதாமாதம் அவனுக்குப் போகும்.

கெம்பாங்கான்காரி:

வீட்டுக்கார அம்மா வீட்டையே அறக்கட்டளையில் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுகிறேன். ஆணையத்தின் பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.